சிங்கத்தை வைத்து என்னைத் தேடாதீர்கள்

மேல்சித்தாமூரில் வந்து இறங்குகிறவர்கள் முதலில் ஜினகாஞ்சி சமண மடத்துக்குப் போவார்கள். பிறகு பார்சுவநாதர் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். கடைசியாக மல்லிநாதர் கோயிலுக்கு வந்து, பாறையில் இருக்கும் பாகுபலியைக் கும்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்புவார்கள். 9ஆம் நூற்றாண்டுச் சிற்பம் என்று யாராவது ஒருவர் சொல்வார். "இது யாருங்க?" என்று கூட வந்தவர் கேட்பார்.

"தருமதேவி. அம்பிகைன்னும் சொல்வாங்க. நேமிநாதரோட இயக்கி. பக்கத்துல சிங்கம் இருந்தா பெரும்பாலும் அம்பிகைதான்."

சிங்கம் இருந்தால்! அந்தச் சிங்கம் யார் தெரியுமா? என் வீட்டுக்காரர்.

அக்னிலை என்று எனக்குப் பேர். கிர்நார் மலைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அன்றைக்கு வீட்டில் திவசம். விடியலிலிருந்து அடுப்படியிலேயே நின்று சமைத்து இறக்கியிருந்தேன். பிராமணர்கள் குளித்துவிட்டு வருவதற்குள் வாசலில் ஒரு முனிவர் வந்து நின்றார். மாதக் கணக்கில் நோன்பிருந்த உடம்பு. அவரிடம் ஓடும் இல்லை, தட்டும் இல்லை. இரண்டு கையையும் சேர்த்துக் குழித்தார். அந்தக் குழிக்குள் ஒரு கவளம் வைத்தேன். நின்றபடியே உண்டார். இன்னொன்று வைத்தேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

சோறு எச்சிலாகிவிட்டதாம். பிதிர்களுக்கு ஆகாதாம். வெந்த சோறு எனக்குத் தெரியும், பசித்த வயிறும் தெரியும். இந்தக் கணக்கு மட்டும் எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்காரர் வாசலைக் காட்டினார். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெரியவனைக் கையில் பிடித்துக்கொண்டு மலையேறினேன். பிள்ளைகள் பசியில் அழுதார்கள். காய்க்கிற பருவமே இல்லை, ஆனாலும் ஒரு மாமரம் பழுத்துக் கொடுத்தது.

அவர் பின்னாலேயே தேடி வந்தார். மனம் திருந்தி வந்ததாகச் சிலர் சொல்கிறார்கள். வீட்டில் நான் போட்டுவிட்டு வந்த இலைகள் பொன்னாகவும், சிந்திய பருக்கைகள் முத்தாகவும் மாறியதைப் பார்த்துவிட்டு வந்தார் என்றும் ஒரு கதை இருக்கிறது. இலை இலையாகவே கிடந்திருந்தால் வந்திருப்பீரா? புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்று என்னை வளர்த்தார்கள். இப்போது சொல்லிக் கேட்கிறேன், சோமசர்மா, வந்திருப்பீரா?

அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். குதித்துவிட்டேன். மலையுச்சி என்கிறார்கள் சிலர், கிணறு என்கிறார்கள் சிலர். எங்கேயிருந்து குதித்தாள் என்பதில் உங்களுக்குள் இத்தனை வழக்கு. ஏன் அவ்வளவு பயந்தாள் என்று ஒரு வாய் கேட்டதில்லை. மதுரைக்குப் போன கண்ணகி நெருப்பு வைத்தாள். எனக்குப் பேரில்தான் அக்னி. நான் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு ஓடத்தான் செய்தேன்.

செத்த பிறகு தெய்வமாக்கினீர்கள். 22ஆம் தீர்த்தங்கரர் நேமிநாதருக்குக் காவல் தெய்வம் என்றீர்கள். அவரும் கல்யாணத்தன்று விருந்துக்குக் கட்டி வைத்த விலங்குகளின் அலறலைக் கேட்டு, மணப்பெண் ராஜிமதியை விட்டுவிட்டு மலையேறியவர்தான். பெரியவர், அதற்கு மேல் நான் பேசக் கூடாது. ஆனால் துரத்தினவரையே சிங்கமாக்கி எனக்கு வாகனமாகக் கொடுத்தீர்களே, அப்போது என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? அது அவருக்குத் தண்டனை என்கிறீர்கள். காலம் முழுக்க அவரோடு இருப்பது யாருக்குத் தண்டனை?

பேர் மாறுவதில் எனக்கு வருத்தமே இல்லை. தெற்கே இயக்கி இசக்கியாகிவிட்டாள் என்கிறார்கள், ஆகட்டும். சிதறால் மலையில் சமணர் கோயில் பகவதி கோயிலானது, அதுவும் ஆகட்டும். கழுகுமலைப் பாறையில்தான் மனசு ஆறவில்லை. அங்கே சிங்கத்தோடு ஓர் ஆணும் என் பக்கத்தில் கை உயர்த்தி வியந்து நிற்கிறான். அதுவும் அவர்தான் என்கிறார்கள். மனுஷனாக ஒரு தரம், மிருகமாக ஒரு தரம்! என்னை வாசலைக் காட்டி அனுப்பியதும் அந்தக் கைதானே?

பொழுது சாய்கிறது. விளக்கு வைப்பதற்குள் சாப்பிட வேண்டும் என்று சமண நயினார் வீட்டுப் பெண்கள் கிளம்புகிறார்கள். போய் வாருங்கள் அம்மா. இன்னொரு பாறையில் என்னைப் பார்க்க நேர்ந்தால் சிங்கத்தைத் தேடாதீர்கள், மாங்கொத்தைத் தேடுங்கள். அன்றைக்கு என் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது அது ஒன்றுதான்.