போகிறவன் துரோகியா?

மூன்று வாரமாக என் சட்டைப் பையில் ஒரு காகிதம் கிடக்கிறது. மாலத்தீவில் ஒரு தீவுப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார் வேலை. இரண்டு வருச ஒப்பந்தம். இப்போது வாங்குகிற சம்பளத்தைப்போல ஒன்றரை மடங்கு. தங்க இடமும் தருகிறார்கள். கல்லூரியில் கூடப் படித்த நண்பன் அங்கே இருக்கிறான், அவன் செய்த ஏற்பாடு. அந்த நாட்டில் பள்ளிப் பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. அதனால் பல பத்தாண்டுகளாக இந்தியாவிலிருந்து வாத்தியார்கள் அங்கே போய்க்கொண்டிருக்கிறார்கள். 'வருகிறேன்' என்று ஒரு வரி எழுதிப் போட்டால் போதும். அந்த ஒரு வரி வரவில்லை.

நான் கவிதை எழுதுகிறவன். பகலில் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து பணம் எண்ணுகிறவன். பி.ஏ. ஆங்கில இலக்கியம், அப்புறம் பி.எட். முடித்துவிட்டு வாத்தியார் வேலைக்குக் காத்துக் கிடந்தேன். வரவில்லை. வங்கித் தேர்வு எழுதினேன். இடஒதுக்கீட்டில் கிடைத்தது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது. இது பாபாசாகேப் போராடி வாங்கிக் கொடுத்த நாற்காலி.

சேதி வெளியே தெரிந்ததும் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

வாசிப்பு வட்டத் தோழர் ஒருவர் டீக்கடையில் பிடித்துக்கொண்டார். "நீயும் கெளம்பிட்டியா? படிச்சவன் எல்லாம் இப்படியே பூட்டா சேரில நிக்கிறது யாருடா? இது துரோகம் இல்லாம வேற இன்னா?"

கிளையில் பக்கத்துக் கவுண்டர்க்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "போங்க சார், நல்லதுதான். ஆனா அங்க கோட்டா எல்லாம் கெடையாது. நெசமாவே இங்கிலீஷ் பேசணும்."

இரண்டாவது ஆளுக்குப் பதில் சொல்லிப் பயனில்லை. அவருடைய மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அவன் விமானம் ஏறிய அன்று கிளை முழுக்க இனிப்புக் கொடுத்தார். 'ஊரை விட்டுப் போறானே, அவன் சாதிக்கு யார் உழைப்பாங்க' என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஊர்த்தெருப் பையன் போனால் கொடுப்பினை. சேரிப் பையன் போனால் ஒன்று துரோகம், இல்லாவிட்டால் தகுதிக் குறைவு. இந்தக் கணக்கை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் தோழருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவர் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

முதலில் நியாயமில்லாத பாதியைப் பார்ப்போம். போவதே துரோகம் என்றால் நம் வரலாற்றில் முதல் துரோகிகள் யார்? ரெட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார். இழிவென்று அவர்கள் வைத்த பெயரையே தலைப்பாக எடுத்து அச்சில் நிறுத்திய மனுசன். 1900-ஓடு பத்திரிகை நின்றது. அவர் கடல் கடந்து போனார். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். அவருக்கும் அங்கே சோறு போட்டது மொழிதான். 1921-இல் திரும்பி வந்தார். சட்டமன்றத்துக்குப் போனார். பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று 1924-இல் தீர்மானம் கொண்டுவந்தார். 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் பாபாசாகேபோடு உட்கார்ந்தார்.

பாபாசாகேப் 1920 ஜனவரி 31 அன்று 'மூக்நாயக்' பத்திரிகையைத் தொடங்கினார். அதே வருசம் ஜூலையில் பாதியில் விட்ட படிப்பை முடிக்க லண்டனுக்குக் கப்பல் ஏறிவிட்டார். ஆறு மாதக் குழந்தையைப் போட்டுவிட்டுப் போனதுபோல. அன்றைக்கு நம் தோழர் பம்பாயில் இருந்திருந்தால் துறைமுகத்திலேயே மறித்திருப்பார். போகாமல் இருந்திருந்தால் பின்னால் நாம் பார்த்த அம்பேத்கர் உண்டா?

ஆகவே போவது துரோகம் அல்ல. ஆனால் இதே வரலாற்றில் இன்னொரு விசயமும் இருக்கிறது. அதை நாம் மேடையில் சொல்வதில்லை. 'பறையன்' நின்றதோடு சரி. 'மூக்நாயக்' 1923-க்குள் நின்றுபோனது. போனவர்கள் பெரிதாக வளர்ந்து திரும்பினார்கள், உண்மை. அவர்கள் கையில் வளர்ந்த பத்திரிகை அவர்கள் இல்லாமல் பிழைக்கவில்லை, இதுவும் உண்மை. போவதற்கு ஒரு விலை உண்டு. அதைப் போகிறவன் மட்டும் கொடுப்பதில்லை. தோழர் சொன்னதில் நியாயமான பாதி இதுதான்.

இனி, போனால் என்ன கிடைக்கும்? பணம் கிடைக்கும். அதைக் கேவலமாகப் பேசுகிறவர்களுக்குக் கடன் இல்லை என்று அர்த்தம். எனக்குத் தங்கச்சி கல்யாணக் கடன் இன்னும் இருக்கிறது. ஆனால் நம் பையன்கள் பணத்துக்காக மட்டும் கிளம்புவதில்லை. 'அங்க சாதி இல்லண்ணா' என்கிறார்கள். அதோடு, 'இங்கிலீஷுக்குச் சாதி தெரியாதுண்ணா' என்கிறார்கள். இரண்டையும் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மாலத்தீவு நண்பனிடமே கேட்டேன். போன முதல் வாரம் வாத்தியார்கள் தங்கும் விடுதியில் ஒருத்தர் சிநேகமாக விசாரித்தாராம்: "தம்பிக்கு எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" கேட்டவர் மாலத்தீவுக்காரர் இல்லை. நம் தமிழ்நாட்டுக்காரர். அமெரிக்காவில் சியாட்டில் நகரசபை 2023-இல் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் போட்டது. அங்கே சாதி இல்லையென்றால் எதற்குத் தடை? அதே வருசம் கலிபோர்னியாவில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பிவிட்டார். எதிர்த்து நின்றவர்களில் நம் நாட்டிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். சாதி பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டுதான் போகிறது.

இங்கிலீஷ் விசயத்துக்கு வருவோம். இங்கிலீஷ் நமக்குக் கதவு திறந்த மொழி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. 'தேவபாசை' என்று சொல்லி நம்மை வெளியே நிறுத்தியதுபோல இந்த மொழி நிறுத்தவில்லை. ஆனால் இங்கிலீஷைக் கற்பிக்கிற சந்தையிலும் ஊரும் சேரியும் உண்டு. தென்கொரியாவில் இங்கிலீஷ் வாத்தியாருக்கான விசா அடிப்படையில் ஏழு நாட்டு பாஸ்போர்ட்காரர்களுக்கு உரியது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. இவர்கள் 'தாய்மொழிக்காரர்கள்'. 2010-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியருக்கும் ஒரு சின்ன வாசல் உண்டு, அதுவும் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியராக. சீனாவிலும் ஏறக்குறைய இதே கதைதான். நீ எவ்வளவு படித்தாய் என்பது அப்புறம். எங்கே பிறந்தாய் என்பது முதலில். இந்தக் கேள்வியை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோம் அல்லவா?

அந்த ஏழில் தென்னாப்பிரிக்காவைக் கவனியுங்கள். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்கிற கப்பல் சென்னையிலிருந்து போய் டர்பனில் கரையேறியது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள். நம் சனங்களும் அப்படிப் போனவர்களில் உண்டு. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பிறந்த பிள்ளைகள் இன்று வீட்டில் இங்கிலீஷ் பேசுகிறார்கள். கொரியா போனால் அவர்கள் 'தாய்மொழிக்காரர்கள்'. இங்கேயே தங்கி எம்.ஏ. இங்கிலீஷ் படித்தவனின் பேத்தி அந்த வாசலில் நிற்க வேண்டும். கப்பல் ஏறிய கூலியின் வாரிசுக்கு உள்ள தகுதி கரையில் நின்றவனின் வாரிசுக்கு இல்லை. 'தகுதி' என்று உலகம் சொல்வது எத்தனை பொய்யான பேச்சு என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

ஆகவே தம்பிகளே, பணத்துக்காகப் போங்கள், அனுபவத்துக்காகப் போங்கள். பிறப்பைக் கேட்காத ஊர் ஒன்று இருக்கிறது என்று நம்பிப் போகாதீர்கள். பாபாசாகேபும் 1913-இலிருந்து நாலு வருசம் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருந்தார். தான் தீண்டப்படாதவன் என்கிற நினைப்பே அங்கே அற்றுப்போனதாக எழுதியிருக்கிறார். 1917-இல் பரோடாவுக்கு வேலைக்குத் திரும்பியபோது தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்தும் தடிக்காரர்கள் வந்து துரத்தினார்கள். அந்த நினைவுகளை எழுதிவைத்த சிறுநூலுக்குப் பெயர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. வெளிநாட்டு விசாவைப் பற்றிய நூல் இல்லை அது. சொந்த நாட்டுக்குள் நுழையக் கிடைக்காத விசாவைப் பற்றியது.

போகிறவர்களுக்கு இன்னொன்று. ஏஜெண்டைப் பார்த்துப் போங்கள். அன்றைக்குக் கங்காணி தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு மலேயாவுக்கு ஆள் ஏற்றினான். இன்றைக்கு ஏஜெண்ட் கோட்டு போட்டு உட்கார்ந்திருக்கிறான். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கிறவர் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது 1983 குடிபெயர்வுச் சட்டம். பதிவு எண்ணைக் கேளுங்கள். 2022-இலிருந்து கம்போடியா, மியான்மர், லாவோஸ் என்று நல்ல வேலை சொல்லிக் கூட்டிப்போய், அடைத்துவைத்து, இணைய மோசடி செய்யவைத்த கதைகள் வந்துகொண்டே இருக்கின்றன. சிக்கியவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. கேட்க வெட்கப்படாதீர்கள். நம் தாத்தன்களுக்குக் கேட்கத் தெரியவிடவில்லை. நமக்குத் தெரியும்.

என் விசயத்துக்கு வருகிறேன்.

எங்கள் சேரியில் அம்பேத்கர் மன்றத்தில் சாயங்காலம் ஏழு மணிக்குமேல் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். பத்தொன்பது பிள்ளைகள். ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண், பட்டா கேட்டுத் தாசில்தாருக்கு அவளே இங்கிலீஷில் மனு எழுதிக்கொண்டு வந்தாள். எங்கேயோ பார்த்து எழுதியது. 'ஐ ஹம்ப்ளி ரெக்வெஸ்ட்' என்று தொடங்கியிருந்தாள். வாசித்துக் காட்டச் சொன்னேன். பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "'ஹம்ப்ளி'ன்னா இன்னாண்ணா?"

"பணிவோடனு அர்த்தம்."

"பட்டா நமக்குச் சேர வேண்டியதுதானே. அதுக்கு எதுக்குப் பணிவு?"

பேனாவை வாங்கி அந்தச் சொல்லை அடித்துவிட்டாள். பி.ஏ.வில் மூன்று வருசம் எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த எவரும் இப்படி ஒரு சொல்லை அடிக்கச் சொல்லித் தந்ததில்லை.

நான் போனால் அந்த வகுப்பு மறுநாளே நின்றுவிடும். ஏனென்றால் ஆறு வருசமாக நானே எல்லாம் என்று இருந்துவிட்டேன். இன்னொருத்தரைத் தயார்செய்யவில்லை. இது என் குற்றம். வங்கி நாற்காலி கதையும் இப்படித்தான். நான் விட்டால் அந்த இடத்தை நம் பிரிவிலேயே நிரப்ப வேண்டும் என்று 1995-இல் சபர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிரப்பினால்தானே? எங்கள் கிளையில் ஓய்வுபெற்ற இரண்டு பேருடைய நாற்காலி அப்படியே கிடக்கிறது.

அம்மாவிடம் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "போய்ட்டு வாடா. எங்க தாத்தன் பினாங்குக்குப் போனாரு, பால்மரம் வெட்ட. கூலியா போனாரு. நீ வாத்தியாரா போற. இதுல இன்னா ரோசன?"

அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் என் வாசிப்பு வட்டம், இலக்கியம் எல்லாம் நிற்க முடியவில்லை. நூறு வருச தூரத்தை அவள் இரண்டு சொல்லில் அளந்துவிட்டாள்.

இருந்தாலும் முடிவு எடுத்திருக்கிறேன். இந்த வருசம் போகவில்லை. தியாகம் என்று யாரும் எழுத வேண்டாம். கைமாற்றிக் கொடுக்க ஆள் இல்லாமல் கிளம்புவது சரியில்லை, அவ்வளவுதான். சேரியில் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் இரண்டு பேரை இந்த ஒரு வருசத்தில் வகுப்பு எடுக்கப் பழக்கப்போகிறேன். அவர்கள் நின்றுவிட்டால் அடுத்த வருசம் நானும் கிளம்பலாம். அப்போது துரோகி என்று கூப்பிட வருகிற தோழரை மன்றத்துக்குக் கூட்டிப்போய் வகுப்பைக் காட்டுவேன்.

இயக்கத் தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் நான் சொல்வது இதுதான். போகிறவனிடம் 'ஏன் போகிறாய்' என்று கேட்காதீர்கள். 'யாரிடம் கொடுத்துவிட்டுப் போகிறாய்' என்று கேளுங்கள். இருக்கிறவனிடமும் அதையே கேளுங்கள். இங்கேயே இருந்துகொண்டு யாரிடமும் எதையும் கொடுக்காமல் செத்துப்போகிறவர்களும் நம்மில் உண்டு. ஒருத்தனை நம்பி நிற்கிற இயக்கம், அவன் கப்பல் ஏறினாலும் நிற்கும், கண்ணை மூடினாலும் நிற்கும். குற்றம் கப்பலில் இல்லை.

முடிவை அம்மாவிடம் சொன்னேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "செரி, கல்யாணக் கடன்ல இந்த வருச வட்டிய யாரு கட்டறது? அந்தப் பத்தொம்போது புள்ளைங்களா?"

அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.