தேச ஐக்கியத்தை உடைத்தவர்கள் யார்?

"ஒரு தேசத்துக்கு ஒரு மொழி போதும். மத்தியில் பலமான சர்க்கார் இருந்தால் போதும். மொழிக்கு ஒரு மாநிலம், இனத்துக்கு ஓர் உரிமை என்று கொடுத்துக் கொண்டே போனால் நாடு துண்டு துண்டாகிவிடும்!"

இந்தப் பல்லவியை நாம் கேட்காத நாளில்லை. மேடையில் பாடுகிறார்கள், பத்திரிகையில் பாடுகிறார்கள். மறுத்துப் பேசினால் உடனே பிரிவினைவாதி என்று பட்டம் சூட்டுகிறார்கள்.

இந்தக் கனவான்களுக்கு நாம் வசைமொழியால் பதில் சொல்ல வேண்டியதில்லை. சரித்திரமே பதில் சொல்கிறது. 1947, 1948 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ஒரே பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்தின் பிடியிலிருந்து பாகிஸ்தான், இந்தியா, இலங்கை ஆகிய நாடுகள் விடுபட்டன. மூன்றிலும் பல மொழி பேசும் மக்கள். மூன்றும் மூன்று விதமாக அரசியல் சட்டம் வகுத்தன. பலன் என்ன? கணக்குப் பார்ப்போம்.

பாகிஸ்தான் கண்ட பலன்

பாகிஸ்தான் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வங்காளி பேசியவர்கள். ஆயினும் 1948 மார்ச்சில் டாக்காவுக்கு வந்த ஜின்னா, உருது ஒன்றே அரசு மொழி என்று அறிவித்தார். 1952 பிப்ரவரி 21-ல் தாய்மொழிக்காகத் தெருவில் இறங்கிய மாணவர்களைப் போலீஸ் சுட்டுத் தள்ளியது. 1954-ல் கிழக்கு வங்க மக்கள் வாக்குச் சீட்டால் பதிலடி கொடுத்தார்கள். முஸ்லிம் லீக் மண்ணைக் கவ்வியது. ஐக்கிய முன்னணி மந்திரிசபை பதவியேற்றது. இரண்டு மாதம் முடிவதற்குள் மத்திய சர்க்கார் அதை வீட்டுக்கு அனுப்பியது!

1955-ல் பஞ்சாப், சிந்து, எல்லைப்புற மாகாணம், பலுசிஸ்தானம் யாவற்றையும் ஒரே மாகாணமாக்கினார்கள். எதற்காக? மேற்கு ஒரு தட்டு, கிழக்கு ஒரு தட்டு என்று வைத்துச் சம இடம் கொடுத்துவிட்டால், ஜனத்தொகையில் அதிகமான வங்காளிக்குச் சபையில் பாதிக்கு மேல் கிடைக்காது. 1956 அரசியல் சட்டம் வங்க மொழியை ஏற்றுக் கொண்டது; ஆனால் வங்க மக்களின் பெரும்பான்மையைச் சமத்துவம் என்ற பெயராலேயே பறித்தது. இரண்டே ஆண்டில் ராணுவ ஆட்சி வந்து அந்தச் சட்டத்தையும் விழுங்கி ஏப்பம் விட்டது.

1970 தேர்தலில் கிழக்கின் 162 பொது இடங்களில் 160 இடங்களை அவாமி லீக் வென்றது. 300 பொது இடங்கள் கொண்ட தேசிய சபையில் அதுவே அறுதிப் பெரும்பான்மை. ஆட்சியாளர்கள் சபையைக் கூட்டினார்களா? இல்லை. கூட்டத்தை ஒத்திப் போட்டார்கள். 1971 மார்ச் 25 இரவில் டாக்கா மீது ராணுவத்தை ஏவினார்கள். டிசம்பர் 16-ல் அந்த ராணுவம் சரணடைந்தது. வங்க தேசம் தனி நாடாயிற்று.

பலமான மத்தி வேண்டும் என்போரே! இதைவிடப் பலமான மத்தி எங்கே இருந்தது? துப்பாக்கி இருந்தது, ஒரே மதமும் இருந்தது. சம உரிமை ஒன்றுதான் இல்லை.

இலங்கை தரும் பாடம்

இலங்கையில் முதல் அடி தோட்டத் தொழிலாளியின் தலையில் விழுந்தது. தேயிலைக்கும் ரப்பருக்கும் தலைமுறை தலைமுறையாக ரத்தத்தை வியர்வையாக்கிய மக்களை 1948 பிரஜா உரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டே அவர்களது வாக்குரிமையும் போயிற்று. 1947 தேர்தலில் மலைநாட்டுத் தொழிலாளியின் வாக்கு இடதுசாரி வேட்பாளர்களுக்கும் விழுந்தது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். குட்டு வெளிப்பட்டு விடும்! இனத்தின் பெயரால் வீசப்பட்ட கத்தி வர்க்கத்தின் மீது பாய்ந்தது. 1964-ல் இரு நாட்டுப் பிரதமர்களும் கூடி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். அந்த மக்களின் சம்மதத்தை யார் கேட்டார்கள்?

1956-ல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1957-ல் பண்டாரநாயக்கா பிராந்திய சபைகள் தருவதாகச் செல்வநாயகத்துடன் ஒப்பந்தம் செய்தார். 1958-ல் பிக்குகளின் நெருக்குதலுக்குப் பணிந்து அதைக் கைவிட்டார். 1965-ல் டட்லி சேனநாயக்கா செய்த ஒப்பந்தத்துக்கும் அதே கதி. சோல்பரி அரசியல் சட்டத்தில் 29-வது பிரிவு என்று ஒரு வேலி இருந்தது: எந்தச் சமூகத்துக்கும் தனியாகப் பாதகம் செய்யும் சட்டம் கூடாது என்றது அது. தோட்டத் தொழிலாளியை அந்த வேலி காப்பாற்றவில்லை என்பது உண்மையே. 1972 குடியரசு அரசியல் சட்டம் அந்த ஓட்டை வேலியையும் பிடுங்கி எறிந்தது. ஒற்றையாட்சி, சிங்களமே ஆட்சி மொழி, பௌத்தத்துக்கு முதலிடம் என்று எழுதி வைத்தது.

இங்கே நம் பக்கத்துக் குற்றத்தையும் நாம் மறைக்கக் கூடாது. 1972 சட்டத்தை வகுப்பதற்குப் பொறுப்பேற்ற மந்திரி, சமசமாஜக் கட்சித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா. ஒரு மொழியைத் திணித்தால் நாடு இரண்டாகும் என்று 1956-ல் எச்சரித்த அதே மனிதர்! இலங்கைக் கம்யூனிஸ்டுக் கட்சியும் அந்தக் கூட்டணியில் இருந்தது. 1966 ஜனவரியில் தமிழுக்குச் சிறிது இடம் தரும் விதிகளை எதிர்த்துக் கொழும்பில் கிளம்பிய ஆர்ப்பாட்டத்திலும் இடதுசாரிக் கட்சிகள் நின்றன. பேரினவாதத்தோடு சமரசம் செய்து வர்க்க ஒற்றுமையைக் கட்டலாம் என்று நினைத்தார்கள். பேரினவாதம் வளர்ந்தது, வர்க்க ஒற்றுமை சிதைந்தது. ஒடுக்கப்பட்ட இனத்துத் தொழிலாளி, "எனக்காக நீ நின்றாயா?" என்று கேட்கும்போது பதில் சொல்ல முடியாத இயக்கம் அவனை அணி திரட்ட முடியுமா?

1983 ஜூலைப் படுகொலை, 2009 மே வரை நீண்ட யுத்தம், எண்ணற்ற உயிர்கள். 1987-ல் 13-வது திருத்தம் தமிழையும் ஆட்சி மொழி என்றது. மாகாண சபைகளுக்கு வழி செய்தது. ஆயினும் வடக்கு மாகாண சபைக்குத் தனியாக முதல் தேர்தல் நடந்தது 2013-ல்தான். 1957-ல் ஒரு கையெழுத்தால் முடிந்திருக்க வேண்டிய காரியம் இது!

இந்தியா நிலைத்தது எவ்வாறு?

இந்திய ஆளும் வர்க்கம் இவர்களைவிட உத்தமமானதா? இல்லை. மொழிவழி மாகாணம் வாக்களித்த காங்கிரஸ், பதவிக்கு வந்ததும் பின்வாங்கியது. 1948-ல் தார் கமிஷன் ஆபத்து என்றது. நேரு, படேல், பட்டாபி கமிட்டியும் ஒத்திப் போடச் சொன்னது. 1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உண்ணாவிரதம் இருந்து உயிர் நீத்த பிறகே, 1953-ல் ஆந்திரம் பிறந்தது. 1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் மொழிவழி திருத்தி அமைக்கப்பட்டன. பம்பாய்த் தொழிலாளர்கள் குண்டடி பட்டு மடிந்த பிறகு, 1960-ல் மகாராஷ்டிரம் வந்தது. விருதுநகரில் உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார் 1956-ல் மாண்டார். தமிழ்நாடு என்ற பெயர் 1969-ல் வந்தது. 1965 மொழிப் போராட்டத்தின் விளைவாகவே, இந்தி பேசாத மாநிலங்களின் சம்மதமின்றி ஆங்கிலத்தை நீக்க முடியாது என்ற சட்டத் திருத்தம் 1967-ல் வந்தது.

இத்தனையும் கொடுத்த பிறகு நாடு சிதறிப் போயிற்றா? ஆந்திரமும் தமிழகமும் பிரிந்து ஓடிவிட்டனவா? கொடுத்ததனால் ஐக்கியம் உறுதிப்பட்டது என்பதே அனுபவம். ஆனால் இவை மேலிருந்து வந்த பிச்சை அல்ல, மக்கள் போராடிப் பெற்றவை. இன்னும் குறை தீரவில்லை. 356-வது பிரிவைக் கொண்டு 1959-ல் கேரள மந்திரிசபையைக் கலைத்தார்கள். 3-வது பிரிவின்படி ஒரு மாநிலத்தின் எல்லையை மாற்ற அதன் சம்மதமே தேவையில்லை. கருத்துக் கேட்டால் போதும். 2019-ல் ஜம்மு காஷ்மீரை, அங்கே சட்டசபையே இல்லாத வேளையில், இரண்டு யூனியன் பிரதேசங்களாக்கினார்கள்.

சோவியத் உடையவில்லையா?

"பிரிந்து போகும் உரிமையை எழுதி வைத்த சோவியத் யூனியன் என்ன ஆயிற்று? யூகோஸ்லாவியா என்ன ஆயிற்று?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். நியாயமான கேள்வி.

சோவியத் அரசியல் சட்டங்கள் அந்த உரிமையைக் குடியரசுகளுக்குக் கொடுத்தன. தம் மொழியில் பள்ளியே காணாத எத்தனையோ இனங்களுக்குப் பள்ளியும் எழுத்தும் கிடைத்தன. ஆனால் ஏட்டில் இருந்தது வேறு, நடப்பில் இருந்தது வேறு. 1944-ல் செச்சேனியர்களையும் கிரிமியத் தாத்தாரியர்களையும் கூண்டோடு நாடு கடத்தியது மன்னிக்க முடியாத தவறு. எந்த உரிமையின் மீறலால் புண் உண்டாயிற்றோ, அந்த உரிமையின் மீதே பழி போடுவது என்ன நியாயம்? 1991 மார்ச்சில் ஒன்பது குடியரசுகளில் நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் யூனியன் வேண்டும் என்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில் மூன்று குடியரசுகளின் தலைவர்கள் கூடிக் கையெழுத்திட்டு அதை முடித்து வைத்தார்கள்.

யூகோஸ்லாவியாவின் 1974 அரசியல் சட்டம் கொசோவோவுக்கு விரிவான சுயாட்சி கொடுத்தது. 1989-ல் மிலோசெவிச்சின் செர்பியா அதைப் பறித்தது. 1991-ல் ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் விலகின. கடன் சுமையும் நெருக்கடியும் காரணங்களே. ஆனால் மற்றக் குடியரசுகளை அச்சத்தில் ஆழ்த்தியது கொடுத்த சட்டமா, பறித்த கையா?

சுவிட்சர்லாந்தைப் பாருங்கள். ஒரு முதலாளித்துவ நாடுதான். 1848 முதல் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் மூன்றும் அங்கே தேசிய மொழிகள். 1938-ல் மிகச் சிலரே பேசும் ரொமான்ஷையும் நான்காவதாகச் சேர்த்தார்கள். பெர்ன் மாநிலத்திலிருந்த பிரெஞ்சு மொழி ஜூரா மக்கள் தனி மாநிலம் கேட்டார்கள். வாக்கெடுத்து 1979-ல் கொடுத்தார்கள். நாடு உடைந்ததா?

ஆகவே தோழர்களே, ஐக்கியத்தின் பெயரால் ஒரு மொழியையோ ஒரு மதத்தையோ மற்றவர் தலையில் ஏற்றி வைப்பவனே ஐக்கியத்தின் முதல் விரோதி. அவனை எதிர்த்து முன்னணியில் நிற்க வேண்டிய கடமை, பெரும்பான்மை இனத்துத் தொழிலாளிக்கும் உழவனுக்கும் முதலில் உண்டு. இலங்கையில் அந்தக் கடமை தவறியதன் விலையை இரண்டு இன மக்களும் ரத்தத்தால் கொடுத்தார்கள். நாம் அந்தத் தவறைச் செய்யலாகாது. மாநில உரிமைக்கும் மொழிச் சமத்துவத்துக்கும் எங்கே குரல் எழுந்தாலும், அது நம் மொழியில் இல்லாவிட்டாலும், நம் குரலும் அதோடு சேரட்டும்!