குலத்திடம் தோற்ற கதை

மசாஷி கிஷிமோட்டோவின் 'நருட்டோ' 1999 முதல் 2014 வரை 700 அத்தியாயங்களாக வெளிவந்தது. 2002 இல் அனிமே தொடராகவும் தொடங்கியது. பிறப்பே விதி என்று அடித்துக் கூறிய நெஜியை, ஊரே ஒதுக்கிய அநாதைச் சிறுவன் தேர்வுக் களத்தில் வீழ்த்தியபோது நாம் மகிழ்ந்தோம். உழைப்பு குலத்தை வெல்லும் என்பதே அக்கதை நமக்களித்த வாக்கு.

பின்னர் நடந்தது என்ன? அந்த அநாதை நான்காம் ஹொகாகேயின் மகன் என்றார்கள். அதுவும் போதாதென்று அசுராவின் மறுபிறவி என்றார்கள். அவ்வாறாயின் நெஜி சொன்னதில் பிழை என்ன? நிஞ்ஜுட்சு கைவராமல், உடலுழைப்பாலேயே உயர்ந்த ராக் லீ இறுதிப் போரில் ஓரத்தில் நின்றான். சகுராவின் ஆற்றல் வளர்ந்தும் அவள் உள்ளம் சசுகேயை விட்டு நகரவில்லை. இறுதியில் மதாராவை அகற்றிவிட்டு, கதையில் வேரூன்றாத காகுயாவைப் பகையாக நிறுத்தினார்கள்.

"நருட்டோவும் உழைத்தானே" என்பர் ரசிகர்கள். உழைத்தான், மறுக்கவில்லை. ஆயினும் உழைப்பு மட்டுமே போதும் என்று சொல்லும் துணிவு கதைக்கு இல்லாமற் போயிற்று. குலப்பெருமை ஏதுமற்ற பிள்ளையொன்று தன்னையே அவனிடம் கண்டு நம்பியிருக்குமே! அந்த நம்பிக்கைக்கு இழைக்கப்பட்ட அநீதியை வெறும் பொழுதுபோக்கு என்று நாம் கடந்துபோகலாகாது.