அனுபவமே போதும் என்பவர்களுக்கு

‘கூட்டுறவுக்கு வரும் இளைஞர்களுக்குப் பயிற்சி எதற்கு? சில ஆண்டுகள் உறுப்பினராக இருந்தால் எல்லாம் பிடிபட்டுவிடும்’ என்கிறார்கள். பிடிபடாது. ஆண்டுக் கூட்டத்தில் கை தூக்குவது வேறு, ஆண்டறிக்கையில் கடன் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது வேறு.

1960இல் மலாயாவில் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, ரப்பர் தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்படுவதைத் தடுக்க மாதம் பத்து வெள்ளி கட்டியவர்கள் பால்மரத் தொழிலாளர்கள். அப்படிச் சேர்ந்த பணத்தைக் காப்பவருக்குப் பயிற்சி வேண்டாமென்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

பெட்டாலிங் ஜெயாவில் கூட்டுறவுப் பயிற்சி நிறுவனம் இருக்கிறதே என்பதும் பதிலாகாது. விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் ஜொகூர்ப் பிள்ளைக்கு அது எட்டாத தூரம். குளுவாங்கிலும் சிகாமட்டிலும் வார இறுதி வகுப்பு வையுங்கள், தமிழிலும். முடித்தவர்கள் நிர்வாகக் குழுத் தேர்தலில் நிற்கும்போது, வயதைக் காட்டி அவர்களை உட்காரச் சொல்லாதீர்கள்.