மூன்றாவது வாரத்துச் சாவு

பவுடர் புளூ மீன் வாங்கிப்போனவர் மூன்றாவது வாரம் மீண்டும் கடைவாசலில் நின்றால், எதற்கு வந்திருக்கிறார் என்று நம் எல்லோருக்கும் தெரியும். பிடித்த சுழியோடியிடம் அந்த மீன் சாகவில்லை. கொழும்பு மொத்த வியாபாரியிடமும் சாகவில்லை. நம் கடைத் தொட்டியில் ஐந்தாறு நாள் நன்றாகவே ஓடித் திரிந்தது. செத்தது வாங்கியவர் வீட்டில். ஆகவே பழியும் அவர் தலையில். கண்டியிலும் அக்கம்பக்கத்திலும் கடல்மீன் வளர்ப்பு வேரூன்றாததற்கு உப்பின் விலையையும் கடல் தூரத்தில் இருப்பதையும் காரணம் சொல்லிப் பழகிவிட்டோம். ஒரு தரம் இப்படி மீனைப் பறிகொடுத்தவர் மறுபடி கடல்மீன் வாங்குவதில்லை என்பதை ஏனோ கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்த மீன் இலங்கைக்கு அந்நியமானதல்ல. 1833இல் எட்வர்ட் டர்னர் பென்னட் இதை முதன்முதலாக விவரித்தது இலங்கைக் கடலில் கிடைத்த மீனை வைத்துத்தான். அவர் சூட்டிய அகாந்துரஸ் லூகோஸ்டெர்னன் என்ற பெயரில் பின்பாதிக்கு ‘வெண்மார்பு’ என்று பொருள். கிழக்கு ஆபிரிக்கக் கரையிலிருந்து அந்தமான் கடல் தாண்டி பாலி வரை முருகைக் கற்பாறைகளின் மேல் ஆழங்குறைந்த தெளிந்த நீரில் வாழ்கிறது. விடிந்தால் பொழுதுசாயும் வரை பாசி மேய்வதுதான் அதன் வேலை. சில இடங்களில் பெருங்கூட்டமாகவே மேயும். நம் தொட்டிக்கு வரும்போது அந்த மேய்ச்சல் நின்றுபோகிறது. பிடிபட்ட நாளிலிருந்து பை, பெட்டி, வேறு தொட்டி, மறுபடி பை என்று பட்டினியோடு வந்து சேரும் மீனுக்குத்தான் வெள்ளைப்புள்ளி நோய் பிடிக்கிறது.

இங்கேதான் நம் அனுபவமே நம்மை ஏமாற்றுகிறது. நம்மில் பெரும்பாலோர் கப்பி, கோல்ட்பிஷ், ஏஞ்சல் வைத்துத் தொழில் படித்தவர்கள். நன்னீர் வெள்ளைப்புள்ளிக்குச் சூட்டைக் கூட்டி, உப்புப் போட்டுச் சுகப்படுத்திய கைகள் இவை. கடல்மீனுக்கு வருவது கிரிப்டோகேரியன் என்ற வேறு ஒட்டுண்ணி. உப்பிலேயே பிறந்து வளர்வதை உப்பைப் போட்டு விரட்ட முடியாது. மீனுடலில் அது மூன்று முதல் ஏழு நாள் வரை இருக்கும். பிறகு உதிர்ந்து, மணலிலும் கல்லிலும் கூடாக ஒட்டிக்கொள்ளும். கூடு மூன்றே நாளில் வெடிக்கலாம். நான்கு வாரமும், சிலவேளை அதற்கு மேலும் எடுக்கலாம். வெடித்தால் நூற்றுக்கணக்கில் புது ஒட்டுண்ணிகள் நீந்திவரும். மீன் வந்த முதல் வாரத்தில் நாலைந்து புள்ளி தெரிந்து, தானாகவே மறைகிறது. சுகமாகிவிட்டது என்று விற்கிறோம். மறைந்த புள்ளி தொட்டியின் அடியில் குடியிருக்கிறது. அடுத்த சுற்று வெடிக்கும்போது மீன் வாங்கியவர் வீட்டில் இருக்கிறது.

கண்டியின் குளிர் இதற்கு இன்னும் இடம் கொடுக்கிறது. மார்கழி, தை இரவுகளில் இங்கே 20 பாகைக்குக் கீழே இறங்குகிறது. முருகைக் கற்பாறை நீரோ ஏறக்குறைய 27 முதல் 30 பாகை வரை. ஹீட்டர் இல்லாத தொட்டியில் மீன் துவள்வதோடு ஒட்டுண்ணியின் சுற்றும் மெதுவாகிறது. கொழும்பில் ஒரு வாரம் வைத்துப் பார்த்து விற்பவரைப் பார்த்து நாமும் அப்படியே செய்தால், இங்கே அது இன்னும் குறைவான பாதுகாப்புத்தான்.

வழி இல்லாமல் இல்லை. பெரிய செலவும் இல்லை. இரண்டடித் தொட்டி இரண்டு, ஹீட்டர், காற்றுப்பம்பு. மணலும் கல்லும் வேண்டாம். மூன்று நாளுக்கு ஒருமுறை மீனைப் புது நீருள்ள மற்றத் தொட்டிக்கு மாற்றி, பழையதைக் கழுவி முற்றாகக் காயவிட வேண்டும். நான்கு தடவை மாற்றினால் உதிர்ந்த கூடுகள் எல்லாம் வெடிக்குமுன்பே பின்னால் தங்கிவிடும். செப்பு மருந்து நீந்தித் திரியும் ஒட்டுண்ணியை மட்டுமே கொல்லும். மீனில் இருப்பதையும் கூட்டில் இருப்பதையும் தொடாது. முருகையும் இறாலும் உள்ள தொட்டியில் அதை ஊற்றினால் அவைதான் முதலில் போகும். மாற்றும்போது வலையைவிடப் பெட்டியால் அள்ளுவது நல்லது. வாலடியில் உள்ள கத்திமுள் வலையில் சிக்கும், கையையும் கிழிக்கும்.

மாற்றம் முடிந்த பின் இரண்டு வாரம் சாப்பாடு. காய்ந்த கடற்பாசித் தாளைக் கிளிப்பில் மாட்டி நாள் முழுக்க வைக்க வேண்டும். நேரத்துக்கு ஒரு பிடி தீனி மேய்ச்சல் மீனுக்குப் போதாது. வயிறு ஒட்டியிருக்கும் மீனை விற்கக்கூடாது. வாங்க வருபவரிடம் மூன்றடித் தொட்டிதான் இருக்கிறது என்றால், அவருக்கும் விற்கக்கூடாது. ஓடித் திரிய ஐந்தாறு அடி நீளம் கேட்கும் மீன் இது. தன் இனத்தில் இன்னொன்றை விட்டால் சண்டையும் பிடிக்கும்.

இதன் உறவு மீன்களில், ஹவாயில் 2015இல் மஞ்சள் டாங்கையும், புளோரிடாவில் 2016இல் நீல டாங்கையும் தொட்டியிலேயே பெருக்கிக் காட்டிவிட்டார்கள். நம் கைக்கு வரும் பவுடர் புளூ இன்றும் கடலிலிருந்துதான் வருகிறது. கிழக்குக் கடல் அமைதியாகும் மாதங்களில் அந்தக் கரையிலும், மற்றக் காலத்தில் மேற்கிலும் தெற்கிலும் சுழியோடிகள் இறங்குகிறார்கள். செத்த மீனுக்குப் பதில் மீன் கொடுக்கும்போதெல்லாம் கற்பாறையிலிருந்து இன்னொன்று குறைகிறது.

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். மீன் வந்த திகதியைத் தொட்டிக் கண்ணாடியில் மார்க்கரால் எழுதிவையுங்கள், வாங்குபவர் கண்ணில் படும்படி. நான்கு வாரம் ஆகாத மீனை விற்காதீர்கள். பவுடர் புளூ வாங்கிப்போனவர் மூன்றாவது வாரம் கடைக்கு வந்தால், அது பாசித் தாள் வாங்குவதற்காக இருக்கட்டும்.