மரநாயின் மீது பழி போடாதீர்கள்

ஊர்காவற்றுறையில் ஊர்க்கோழியொன்று காணாமற்போனால் தீர்ப்பு உடனே வந்துவிடும்: மரநாய்! விசாரணையுமில்லை, சாட்சியுமில்லை. அடுத்து வேலியோரம் நஞ்சு கலந்த இறைச்சி வைக்கப்படும். அதைத் தின்று அயல்வீட்டு நாய் செத்தாலும் எவரும் கேட்பதில்லை.

கடந்த மாதம் என் வளவில் மேய்ந்த பேடும் மறைந்தது. நண்பகல் வேளை, எஞ்சியவை சில இறகுகளே. மரநாயோ இரவில் இரைதேடும் பிராணி. செம்பருந்து குஞ்சைக் கவரும். வளர்ந்த பேட்டைத் தூக்கும் வலு அதற்கில்லை. ஆகவே கீரியையோ கட்டாக்காலி நாயையோதான் ஐயுறவேண்டும்.

ஆனால், நான் குற்றஞ்சாட்டுவது பக்கத்துக் காணியை. 1990, 1991ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் வெறிச்சோடிய தீவகத்தில், உரிமையாளர் திரும்பாத வளவுகள் பல இன்றும் பற்றை மண்டிக் கிடக்கின்றன. காணி உறுதி ரொறன்ரோவிலோ இலண்டனிலோ பத்திரமாக இருக்கிறது. காவோலைக் குவியலுக்குள் இங்கே கீரி குட்டி போடுகிறது.

ஒரு கோழிக்கா இவ்வளவு பேச்சு என்பீர்கள். உழைப்பவரை இழந்த வீட்டில் முட்டை விற்ற காசில்தான் பிள்ளைக்குக் கொப்பி வாங்குகிறார்கள், ஐயா!

திருவிழாவுக்குப் பணம் அனுப்பும் அன்பர்களே, ஆண்டுக்கொருமுறை காணியைத் துப்புரவாக்கவும் அனுப்புங்கள். இயலாவிடின் அயலவரிடம் பயிரிடக் கொடுங்கள். இரவில் கூட்டை இறுக அடைப்பது எங்கள் பொறுப்பு. மேய்ச்சலுக்குத் திறந்துவிடும் பகற்பொழுதுக்கு உங்கள் பற்றைகளே பதில் சொல்ல வேண்டும்.