பெயரிழக்கும் புட்கள்

புதுக்கோட்டைக்கு வடமேற்கே சித்தன்னவாசல் குன்றில் அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரை உள்ளது. 9-ஆம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அதனைப் புதுக்கியதைக் கல்வெட்டு கூறும். அதன் கூரையில் ஒரு தாமரைப் பொய்கை! மீனும் எருமையும் யானையும் நீர்ப்புட்களும் ஆண்டு உலவுகின்றன. பொய்கைக்கரையில் நெடும்பொழுது நின்று கண்டவனன்றி வேறெவன் அதனைத் தீட்டியிருப்பான்?

அவ்வோவியத்தைத் தொல்லியல் துறை காக்கின்றது. வெளியே பாறையிலும் புதரிலும் வாழும் உயிர்ப்புட்களின் பெயரைக் காப்பார் யார்? தவிட்டு நிறத்தது தவிட்டுக்குருவி. மீனைக் கொத்துவது மீன்கொத்தி. கூட்டைத் தொங்கவிட்டுக் கட்டுவது தூக்கணாங்குருவி. நிறமும் தொழிலும் கூர்ந்து நோக்கி நாட்டுப்புற மக்கள் இட்ட பெயர்கள் இவை. இன்றோ, கண்மாய்க்கரையில் பிறந்த பிள்ளையும் 'பேப்ளர்', 'கிங்ஃபிஷர்' என்கின்றது. தவிடும் மறைந்தது, கொத்தலும் மறைந்தது!

ஆசிரியப் பெருமக்களே! மாணவரைக் குன்றிற்கு அழைத்துச் செல்லுங்கால், ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகள் 17-ஐயும் எண்ணிக் காட்டியதோடு மீளாதீர். விடியலிலேயே செல்க. கண்ட புள் ஒவ்வொன்றின் பெயரையும் அடிவாரத்து ஆடு மேய்ப்பாரிடமும் முதியோரிடமும் கேட்டு, ஏட்டில் எழுதச் செய்க. அகரமுதலிகளில் ஏறாத பெயர்கள் அவர்தம் நாவில் இன்னும் உள்ளன.